கிப்லாவின் பேரால் பிளவு வேண்டாம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழ் அனைத்தும் கிழக்கிற்கும் மேற்கிற்கும் அதிபதியாகிய அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் யாவர் மீதும் உண்டாவதாக.

 

நான் ஆலிம் அல்லன். ஊரில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டி கற்றுத் தந்தது. ஆயினும் தொழுகையின் திசையைப் பற்றி இங்கே எழுதத் துணிந்தேன். காரணம், இது கிதாபில் மட்டும் உள்ள விஷயமன்று. என் கடையின் மேல்மாடியில் நடந்த விஷயம். அதில் குற்றவாளி நானே.

எங்கள் கடைத்தெருவில் என் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. என் வாப்பா காலத்தில் அது சரக்கறை. பள்ளிவாசல் சற்றுத் தூரமாகையால், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் கடைப் பையன்களும் லுஹர், அஸர் தொழுவதற்கு அதில் பாய் விரித்துக் கொண்டார்கள். ஜன்னல் உள்ள பின்சுவரைப் பார்த்து நிற்பது வழக்கம். அது ஏறக்குறைய மேற்கு. ஹனபிகளும் ஷாபிஈகளும் தோளோடு தோள் நின்றோம். பெரும்பாலும் இமாமாக நிற்பவர் அடுத்த பாத்திரக் கடை நானா. என் வாப்பாவுக்குப் பிறகு எனக்கு வியாபாரம் சொல்லித் தந்தவர் அவர். சில்லறை இல்லையென்றால் அவர் கல்லாவில் எடுப்பேன். அவர் கடைக்கு ஆள் இல்லையென்றால் என் பையன் போய் நிற்பான்.

ஒரு நாள் கைத்தொலைபேசியில் கிப்லா காட்டும் கருவியை வைத்துப் பார்த்தேன். முள் சுவரை விட்டு வெகுவாக விலகி நின்றது. யாரையும் கேட்கவில்லை. அன்று மாலையே விரிப்பின்மீது சாய்வாகச் சிவப்பு நாடாவை ஒட்டிவிட்டேன். மறுநாள் லுஹருக்கு வந்த நானா அதைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் பொறு. ஆலிம் ஒருவரைக் கூட்டி வந்து கேட்போம். அதுவரைக்கும் பழையபடி நிற்போம்" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரி, நானா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதோ, "அப்படியானால் நீங்கள் இத்தனை வருஷம் தொழவைத்த தொழுகையெல்லாம் யார் கணக்கு?" என்பது. கடைப் பையன்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பதில் பேசவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து ஓர் அறையில் இரண்டு ஜமாஅத். முதலில் அவர்கள் சுவரைப் பார்த்துத் தொழுவார்கள். அவர்கள் இறங்கிய பிறகு நாங்கள் நாடாவைப் பார்த்துத் தொழுவோம். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் பாராமல் ஒதுங்கிப் போவோம். இரண்டு ரமலான் இப்படியே கழிந்தது. நோன்புக் கஞ்சியும் இரண்டு சட்டியில் வெந்தது.

சகோதரர்களே! இனி முன்னோர் வரலாற்றைப் பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த பின் பதினாறு அல்லது பதினேழு மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதார்கள் என்று புகாரி ஷரீபில் வருகிறது. பிறகு கஃபாவை நோக்கித் திரும்பும்படி கட்டளை இறங்கியது. மதீனாவிலிருந்து பைத்துல் முகத்தஸ் வடக்கே, மக்கா தெற்கே. ஆகவே அது சற்றே சாய்ந்து நிற்கும் மாற்றமன்று, முற்றிலும் பின்புறம் திரும்பும் மாற்றம். குபாவில் மக்கள் ஸுபுஹுத் தொழுகையில் நின்றுகொண்டிருக்கையில் ஒருவர் வந்து செய்தியைச் சொன்னார். அவர்கள் தொழுகைக்குள்ளேயே ஷாமை நோக்கியிருந்த முகங்களைக் கஃபாவின் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். "எங்கள் பெரியவர்கள் நின்ற திசை இதுவல்லவா?" என்று ஒருவரும் வழக்காடவில்லை. வந்தவரும், "நீங்கள் தொழுததெல்லாம் வீண்" என்று ஏசவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிப்லா மாறுமுன்னே சிலர் மவுத்தாகியிருந்தார்கள். அவர்கள் பழைய திசையில் தொழுத தொழுகையின் கதி என்ன என்று ஸஹாபாக்கள் கவலைப்பட்டார்கள். உங்கள் ஈமானை அல்லாஹ் வீணாக்குபவன் அல்லன் என்ற கருத்துள்ள வசனம் அப்போதுதான் இறங்கியது. அல்பகரா அத்தியாயத்தின் 143ஆவது ஆயத்தை எடுத்து ஓதிப் பாருங்கள். நான் என் நானாவைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ரப்புல் ஆலமீன் பதில் கூறிவிட்டான். ஓதியிருந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை!

நிற்க. நம்மவர்களிடையே இந்தச் சச்சரவு எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் நம் முன்னோர் "கிப்லா மேற்கே" என்று பொதுவாகச் சொல்லி வந்தார்கள். மக்கா நமக்கு மேற்குப் பக்கமே என்பதில் ஐயமில்லை. ஆனால் நேர் மேற்கு அன்று. நாகூர்க் கரையிலிருந்து பார்த்தால் மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 பாகை சாய வேண்டும். கோலாலம்பூரிலிருந்து 22 பாகைக்குச் சற்று அதிகம். சிங்கப்பூரிலிருந்து 23 பாகை. வட்ட வடிவமான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டுச் சொல்லும் எண்கள் இவை.

நம் முன்னோர் எல்லாரும் இதை அறியாதவர்களல்லர். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்கள் 1826இல் ஏற்படுத்திய ஜாமிஆ பள்ளிவாசலைப் போய்ப் பாருங்கள். வாசலும் மினாராக்களும் தெருவை ஒட்டி நேராக நிற்கும். உள்ளே தொழும் மண்டபம் மட்டும் தெருவின் போக்கை விட்டுச் சாய்ந்து கிப்லாவை நோக்கியிருக்கும். கடைக்காரன் தெருவைப் பார்ப்பான். தொழுகையாளி கஃபாவைப் பார்ப்பான். நம் இனத்து வியாபாரிகள் அந்த இரண்டையும் ஒரே மனைக்குள் அமைத்துக் காட்டினார்கள்.

நமக்கு அண்டை நாடான ஜாவாவில் நடந்ததும் படிப்பினைக்குரியது. யோக்யகர்த்தாவில் கியாய் அஹ்மத் தஹ்லான் என்ற பெரியார் மக்காவில் ஓதித் திரும்பியவர். ஊர்ப் பெரிய பள்ளிவாசல் நேர் மேற்கை நோக்கியிருக்கிறது, கிப்லா அதற்கு வடக்கே சாய்ந்திருக்க வேண்டும் என்று 1890களின் இறுதியில் எடுத்துரைத்தார். உலமாக்களை அழைத்து உரையாடியும் முடிவு ஏற்படவில்லை. பள்ளிக்குள் கோடுகள் வரையப்பட்டதும் ஊர் கொந்தளித்தது. கடைசியில் தலைமை மார்க்க அதிகாரியின் உத்தரவால், அவர் தம் வீட்டருகே வைத்திருந்த சிறு தொழுமிடமே இடிக்கப்பட்டது. மனம் உடைந்து ஊரை விட்டே புறப்பட்டவரைக் குடும்பத்தார் தடுத்து, தொழுமிடத்தை மறுபடி கட்டித் தந்தார்கள். அவர்தாம் 1912இல் முஹம்மதிய்யா இயக்கத்தை நிறுவினார். இன்று அதே பெரிய பள்ளியில் ஸஃபுகள் சாய்வாகத்தான் நிற்கின்றன. அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் கிப்லாவின் பேரால் தொழுமிடத்தை இடித்தார்களே, அந்தப் பழியை யார் துடைப்பது?

2010ஆம் ஆண்டிலும் இந்தோனேசியாவில் இப்பேச்சு எழுந்தது. அந்நாட்டு உலமா சபை முதலில் கிப்லா மேற்கு என்று ஃபத்வா கொடுத்தது. நேர் மேற்கே போனால் ஆப்பிரிக்கக் கரையைத்தானே சேரும் என்று கேள்வி எழுந்தது. அதே ஆண்டில் சபை வடமேற்கு என்று தன் ஃபத்வாவைத் திருத்திக்கொண்டது. ஒரு நாட்டின் உலமா சபை தன் சொல்லைத் திருத்திக்கொள்ள வெட்கப்படவில்லை. நாமோ விரிப்பில் ஒட்டிய நாடாவைக் கிழிக்க மறுக்கிறோம்!

மத்ஹபு இமாம்கள் இவ்விஷயத்தில் நமக்கு இடமும் தந்திருக்கிறார்கள், எல்லையும் வகுத்திருக்கிறார்கள். தூரத்தில் உள்ளவருக்குக் கஃபா இருக்கும் பக்கமே கிப்லா என்பது ஹனபி மத்ஹபு. வலப்புறமோ இடப்புறமோ 45 பாகைக்குள் விலகினால் தொழுகை முறியாது என்று அவர்கள் விளக்குவார்கள். மதீனாவாசிகளுக்குக் கிழக்கிற்கும் மேற்கிற்கும் இடைப்பட்டது கிப்லா என்ற கருத்தில் திர்மிதியில் வரும் ஹதீஸ் அவர்களுடைய ஆதாரங்களில் ஒன்று. ஷாபிஈ மத்ஹபில் கஃபாவின் நேர்க்கோட்டையே நாட வேண்டும் என்பது பலமான சொல். தொலைவில் இருப்பவர் முயன்று ஆய்ந்து தம் மனத்தில் மேலோங்கிய எண்ணத்தின்படி நிற்க வேண்டும். பிழை உறுதியாகத் தெரிந்தால் தொழுகையைத் திருப்பித் தொழுவது பற்றியும் இரு மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அதை அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டுமே அல்லாமல், கடை வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்கிறேன். நாமோ கணக்குப் பார்க்கும் வர்க்கம். இங்கிருந்து மக்கா சுமார் 7,000 கிலோமீட்டர். ஒரே ஒரு பாகை பிசகினால், நம் பார்வைக்கோடு கஃபாவை விட்டு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் விலகிப் போகும். தக்பீர் கட்டி நிற்கையில் தோள் ஒரு பக்கம் சற்றே திரும்பினாலும் ஒரு பாகைக்கு மேல் போய்விடுமே! ஆகவே, "நான் மட்டும் அணுவும் பிசகாமல் நிற்கிறேன்" என்று மார்தட்ட நம்மில் யாருக்கு வாயுண்டு? முயற்சி நம்முடையது. ஏற்றுக்கொள்வது அவனுடையது.

அப்படியானால் பிசகு தெரிந்தும் சும்மா இருந்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. தராசுக்குப் பரிசோதகர் வந்து முத்திரை வைப்பதை நாம் அறிவோம். எடை குறைகிறது என்று அவர் காட்டினால், "என் வாப்பா இதே தராசில்தான் நிறுத்தார்" என்று சொல்லி நாம் தப்ப முடியுமா? முடியாது. உடனே திருத்துகிறோம். அதே வேளையில், "என் வாப்பா மோசக்காரர்" என்று தெருவில் நின்று கூவுகிறோமா? இல்லை. அவர் தம் கையிலிருந்த தராசில் நேர்மையாக நிறுத்தார். அவர் கணக்கு சுத்தம். இனி நாம் புதிய தராசில் நிறுப்போம்; நம் கணக்கும் சுத்தமாகட்டும். கிப்லா விஷயமும் இதுவே. திருத்துவது கடமை. திருத்தும்போது பெரியவர்களின் மனத்தை நோகடிக்காமல் இருப்பதும் கடமை. நான் முதல் கடமையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் காலால் உதைத்தேன்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று இரவுகளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதன்று, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே மேலானவர் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. மூன்று இரவு! நான் கடத்தியதோ இரண்டு ரமலான். தொழுகையில் ஸலாம் கொடுக்க வலப்பக்கமும் இடப்பக்கமும் முகத்தைத் திருப்பினேன். அடுத்த கடையின் பக்கம் திருப்பவில்லை.

இரண்டாவது ரமலான் கழிந்து சில மாதங்களில், ஒரு நாள் ஸுபுஹு நேரத்தில் நானா மவுத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நெஞ்சு நோய் இருந்ததாம். அதைக்கூட நான் அறியேன். ஜனாஸாத் தொழுகையில் சுவர் ஜமாஅத்தும் நாடா ஜமாஅத்தும் ஒரே ஸஃபில் நின்றோம். மையவாடியில் கப்ரில் இறக்கி, வலப்பக்கமாகச் சாய்த்து, முகத்தைக் கிப்லாவின் பக்கம் வைத்தார்கள். குழி எந்தக் கோட்டில் வெட்டப்பட்டிருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில் ஓர் ஆலிம் எனக்கு ஒரு வழியைச் சொன்னார். ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். மே 28 வாக்கில் ஒரு முறை, ஜூலை 16 வாக்கில் மறுமுறை. மக்காவில் அப்போது உச்சிப்பொழுது. நம் நாட்டில் மாலை நேரம். மே மாதத்தில் ஐந்தேகால் மணியைக் கடந்த சில நிமிஷத்தில். ஜூலையில் ஐந்தரைக்குச் சில நிமிஷம் முன்னதாக. அந்த நேரத்தில் செங்குத்தாக ஒரு கோலை நட்டால், அதன் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்துக்கு நிழல் விழும். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கி நில்லுங்கள். அதுவே கிப்லா. இதற்குக் காந்தம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அல்லாஹ்வின் சூரியனே சாட்சி.

நானாவின் மகன்தான் இப்போது பாத்திரக் கடையைப் பார்க்கிறார். அவர் கடைக்குப் போய் ஸலாம் சொல்லி, "தம்பி, ஒரு காரியம் இருக்கிறது, மாடிக்கு வாருங்கள்" என்று அழைத்தேன். சற்று யோசித்தார். பிறகு வந்தார். பின்ஜன்னலில் ஒரு நூலைக் கட்டி, வாப்பா காலத்துப் படிக்கல் ஒன்றை அதன் நுனியில் கட்டித் தொங்கவிட்டோம். நேரம் வந்ததும் நூலின் நிழல் தரையில் விழுந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தோம். என் மகனின் பள்ளிக்கூடப் பாகைமானியை வைத்து அளந்தோம்.

சகோதரர்களே! நிழல் என் நாடாவின் மேலும் விழவில்லை, நானா நின்ற கோட்டிலும் விழவில்லை. இரண்டுக்கும் நடுவே விழுந்தது. நானாவின் கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 பாகை. என் நாடாவிலிருந்து ஏறக்குறைய 15 பாகை. இருவரும் பிசகியிருந்தோம்; அதிகம் பிசகியவன் நான். பிறகுதான் தெரிந்தது, அன்று நான் கருவியை வைத்துப் பார்த்தது சுவரோரத்து இரும்பு அடுக்குகளின் பக்கத்தில். இரும்பு அருகில் இருந்தால் காந்த முள் கோணும் என்பது சிறு பையனுக்கும் தெரியும். அந்தக் கோணல் முள்ளை நம்பி, கோணாத ஒரு மனிதரை இழந்தேன்.

நாடாவைக் கிழித்தேன். நானாவின் மகனிடம், "உங்கள் வாப்பாவிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர், "வாப்பா உங்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் குறைவாகப் பேசியதில்லை" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு நிற்க முடியவில்லை. அன்று அஸருக்குப் புதிய கோட்டில் ஒரே ஜமாஅத்தாக நின்றோம். அவரையே இமாமாக நிற்கச் சொன்னேன்.

ஆகவே, அன்பர்களே! உங்கள் கடை மாடியிலோ சூராவிலோ இப்படி ஒரு பேச்சு எழுந்தால், இந்தக் கடைக்காரன் பட்டுத் தெரிந்துகொண்ட சில வார்த்தைகளைக் கேளுங்கள்.

முதலாவது, தனியொருவராகக் கோடு போடாதீர்கள். எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி, விவரம் தெரிந்த ஆலிமையோ மாநில முப்தி இலாகாவையோ கேளுங்கள்.

இரண்டாவது, கைத்தொலைபேசியை மட்டும் நம்பாதீர்கள். இரும்பு அடுக்கு, இரும்புக் கதவு, குளிர்ப்பெட்டி இவற்றை விட்டு விலகி, ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். மே 28, ஜூலை 16 ஆகிய நாட்களில் வெயிலடித்தால் நிழலைக் கொண்டு சரிபாருங்கள். ஒரு நாள் மேகம் மறைத்தாலும் அதற்கு முந்திய நாளிலும் பிந்திய நாளிலும் வித்தியாசம் மிகச் சொற்பமே.

மூன்றாவது, பிசகு உறுதியானால், கட்டடம் பழையபடி இருக்கட்டும், ஸஃபைச் சாய்த்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பெரியவர்களின் தொழுகையைப் பழிக்காதீர்கள். "நாங்கள் தொழுதது தவறா?" என்று அவர்கள் கேட்டால், கிப்லா மாறுமுன்னே மவுத்தானவர்களைப் பற்றி இறங்கிய ஆயத்தை நினைவூட்டுங்கள்.

நான்காவது, முடிவு ஏற்படும்வரை இரண்டு ஜமாஅத் வைக்காதீர்கள். மனஸ்தாபம் வந்தால் மூன்றாவது இரவுக்குள் நீங்களே போய் முதலில் ஸலாம் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நாளை, அவர் மையவாடியில் இருக்கலாம், நாமும் இருக்கலாம்.

முகத்தைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவது மட்டுமே புண்ணியமாகிவிடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 177ஆவது ஆயத்து நமக்கு உணர்த்துகிறது. ஈமான், ஏழைக்கும் உறவினருக்கும் பொருள் கொடுத்தல், தொழுகை, ஜகாத், வாக்கைக் காப்பாற்றுதல், துன்பத்தில் பொறுமை ஆகியவற்றை அது வரிசையாக எண்ணிச் சொல்கிறது. அதே அத்தியாயத்தில் கிப்லாவைக் கட்டளையிட்ட இறைவனே இதையும் சொல்கிறான். இரண்டையும் ஏற்றவனே முஸ்லிம்.

உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் கோடானுகோடி மக்கள் ஒரே வீட்டை நோக்கி நிற்பதற்காக அல்லாஹ் நமக்குக் கிப்லாவைத் தந்தான். ஒன்று சேர்ப்பதற்காகத் தந்ததைக் கொண்டு, ஓர் அறைக்குள் இருக்கும் பத்துப் பேரைப் பிரிக்கலாமா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் முகங்களை உன் இல்லத்தின் பக்கமும், எங்கள் கல்புகளை ஒன்றையொன்று நோக்கியும் திருப்புவாயாக! அறியாமல் பிசகிய எங்கள் முன்னோரின் தொழுகைகளை ஏற்றுக்கொள்வாயாக! அறிந்தே பிறர் மனத்தைப் புண்படுத்திய எங்கள் பாவத்தை மன்னிப்பாயாக! எங்களுக்கு முன் கப்ருக்குச் சென்றவர்களுடன் நாளை மறுமையில் மனக்கசப்பின்றி எங்களைச் சேர்த்து வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.